வெப்பம் வெளியேறும் வழி

சென்னிமலை அடிவாரத்திலிருந்து முருகன் கோயிலுக்கு ஏறும் தார்ச்சாலை நீளமானதல்ல, நான்கு கிலோமீட்டர் அளவுதான். ஆனால் சித்திரை வெயிலில் பழைய பைக்கோடு ஏறுகிறவர்களுக்கு அது ஒரு பரீட்சை. பின்னால் ஓர் ஆள், டேங்க்மேல் ஒரு குழந்தை, இரண்டாவது கியர், இருபது கிலோமீட்டர் வேகம். மேலே போய் நிறுத்தியதும் ரேடியேட்டர் விசிறி இரைகிறது. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. சில வண்டிகளில் பக்கத்துச் சிறு டப்பாவுக்குள் கொதிக்கும் சத்தமே கேட்கும். "வண்டிக்கு வயசாயிருச்சுங்க, அப்படித்தான் காயும்" என்று பக்கத்தில் நிற்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்பு தவறு. 2008-ல் வார்த்த அலுமினிய எஞ்சின் அன்று எப்படி வெப்பத்தைக் கடத்தியதோ அப்படியேதான் இன்றும் கடத்துகிறது. உலோகத்தின் வெப்பக் கடத்துதிறன் ஓட ஓடத் தேய்வதில்லை. மாறியிருப்பவை இடையில் உள்ளவை: தண்ணீர், ரப்பர், உப்பு, தூசி. எரியும் வாயுவுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே வெப்பம் பல அடுக்குகளைத் தாண்டிப் போக வேண்டும். அவற்றில் ஏதோ ஒன்று தடித்திருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று இறுக்கம் தளர்ந்திருக்கிறது. எது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால் பழைய வண்டியும் மலையேறும். கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வெப்பம் எந்த வழியாகப் போகிறது என்பது தெரிந்தால் போதும்.

முதலில் எவ்வளவு வெப்பம் என்று பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் 150 சிசி வண்டி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அது விநாடிக்கு விநாடி எரிப்பது ஏறக்குறைய 12 கிலோவாட். சக்கரத்துக்குப் போய்ச் சேருவது அதில் கால்வாசி. மீதியில் பாதி சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். எஞ்சியிருக்கும் நான்கு கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் சிலிண்டர் சுவருக்குள் இறங்குகிறது. குளியலறையில் வாளிக்குள் போடும் 1500 வாட் ஹீட்டர் மூன்றைச் சேர்த்துப் போட்ட அளவு. இந்த வெப்பம் முழுவதையும் எஞ்சினில் உள்ள ஒரு லிட்டர் கூலன்ட் மட்டும் வாங்கிக்கொண்டு எங்கும் கொடுக்காமல் இருந்தால், அதன் வெப்பநிலை விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். இரும்பும் அலுமினியமும் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் உண்மையில் அவ்வளவு வேகமாக ஏறாது. என்றாலும் குளிர்விக்கும் ஏற்பாடு நின்றுபோன எஞ்சினுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு சில நிமிடங்கள்தான்.

மலையேறும்போது வண்டி அதிகம் காய்வதற்குக் காரணம் ஏற்றம்தான் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது. வண்டியும் ஆட்களும் சேர்ந்து 260 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாரத்தை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 255 கிலோஜூல் போதும். எஞ்சினின் விரயத்தையும் சேர்த்துப் பார்த்தால் 32 மில்லிலிட்டர் பெட்ரோல், ஒரு பாலாடைச் சங்கு நிறைய. ஏற்றத்துக்கு ஆகும் கூடுதல் செலவு அவ்வளவுதான். உண்மையான சிக்கல் காற்று. சமதளத்தில் 60-ல் போகும்போது ரேடியேட்டர்மேல் மோதும் காற்று, மலையில் 20-ல் ஏறும்போது மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. கீழ் கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் உராய்வு வெப்பமும் கூடுகிறது. உற்பத்தி அதிகம் குறையாமல் வெளியேற்றம் மட்டும் குறைகிறது. தைப்பூசத் தேரன்று சென்னிமலைக் கடைவீதியில் கூட்டத்துக்குள் ஊர்ந்துபோகும் வண்டி, ஏற்றமே இல்லாமல் காய்வதும் இதனால்தான்.

வெயிலின் பங்கு என்ன? ஒரு பொருள் இழக்கும் வெப்பம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது என்பது நியூட்டன் சொன்ன விதி. கூலன்ட் 95 டிகிரியில் இருக்கிறது என்போம். மார்கழிக் காலையில் காற்று 25 டிகிரி, வித்தியாசம் 70. சித்திரை மதியம் 40 டிகிரி, வித்தியாசம் 55. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 2024 கோடையில் ஈரோடு 42 டிகிரியைத் தாண்டிய நாள்களில் இன்னும் மோசம். இதே கணக்கைத் தண்ணீர் இல்லாத காற்றுக் குளிர்ச்சி வண்டிக்குப் போட்டால் சுவாரஸ்யமான விடை வருகிறது. அதன் சிலிண்டர் ஹெட் 200 டிகிரி வரை போகும். 25-க்கும் 200-க்கும் வித்தியாசம் 175, 40-க்கும் 200-க்கும் 160. இழப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெயிலுக்கு அதிகம் அசராதது பழைய புல்லட்தான், ரேடியேட்டர் வைத்த நவீன வண்டி அல்ல. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு நம்பக் கொஞ்சம் கடினமாக இருக்கும்.

காற்று மட்டும் போதும் என்ற எஞ்சின்கள்

காற்றால் குளிரும் எஞ்சினோடு கொங்கு நாட்டுக்கு ஒரு பழைய உறவு உண்டு. கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு (1893–1974), இளவயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அதன்மேல் ஆசைகொண்டார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கி, பிரித்துப் பூட்டிப் பழகினார். ஒற்றை சிலிண்டர், அதைச் சுற்றி அடுக்கடுக்காக ஃபின். அந்த ஃபின்கள் எதற்கு என்று பிரித்துப் பார்த்தவருக்குப் பிறகு மோட்டாரும் பஸ்ஸும் கைவந்தது வியப்பில்லை.

ஃபின் செய்யும் வேலை எளிது: காற்று தொடும் பரப்பைப் பெருக்குவது. வழவழப்பான சிலிண்டரைவிட ஃபின் வைத்த சிலிண்டருக்குப் பல மடங்கு பரப்பு. ஆனால் வெப்பம் ஃபின்னின் அடியிலிருந்து நுனிவரை உலோகம் வழியாக ஓடி வரவேண்டும். வார்ப்பிரும்பில் அந்த ஓட்டம் மெதுவானது. அலுமினியக் கலவை அதைப்போல மூன்று மடங்கு வேகமாகக் கடத்தும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த புல்லட்டுக்கு வார்ப்பிரும்பு சிலிண்டர். 2010 வாக்கில்தான் அது விடைபெற்றது. அந்த எஞ்சின் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். எஸ்கார்ட்ஸ் 1985 முதல் 1996 வரை தந்த யமஹா ஆர்எக்ஸ்100 அதற்கு நேரெதிர். 98 சிசி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. சூடு ஏறுவதும் சட்டென்று, இறங்குவதும் சட்டென்று.

ஆர்எக்ஸ்100-ஐ இன்றும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பலர் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. அதன் பிஸ்டனின் குறுக்களவு 50 மில்லிமீட்டர். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஸ்டன் அலுமினியம், உள்ளே இருக்கும் சிலீவ் இரும்பு. வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சிலீவ் அப்படியே இருக்க, பிஸ்டன் மட்டும் வழக்கத்தைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் அது 0.05 மில்லிமீட்டர் பெருக்கிறது. இடைவெளி காலி. "பிஸ்டன் புடிச்சுக்கிச்சு" என்று சொல்கிறோமே, அது இந்த 0.05 மில்லிமீட்டர்தான்.

ஆகவே காற்றுக் குளிர்ச்சி வண்டிக்குப் பராமரிப்பே தேவையில்லை என்ற நம்பிக்கையை விட வேண்டும். ஃபின்களுக்கு நடுவே செம்மண்ணும் ஆயிலும் கலந்து இறுகியிருந்தால் அங்கே காற்று நுழையாது. ஃபின் இருந்தும் இல்லாத கதை. பழைய வண்டிக்குப் பளபளப்பு வேண்டுமென்று ஃபின்மேல் தடித்த பெயின்ட் அடிப்பதும் அதே கேடு. தொழிற்சாலையில் பூசிய மெல்லிய கறுப்புப் பூச்சு வேறு, டின்னில் வாங்கி மூன்று கோட் அடிப்பது வேறு. சில பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் ஃபின் நடுவே சிறு ரப்பர் துண்டுகள் இருக்கும். அவை ஃபின்கள் அதிர்ந்து சத்தம் எழுப்பாமல் இருக்க வைத்தவை. அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கிவிடக் கூடாது.

ஃபோர்-ஸ்ட்ரோக் காற்றுக் குளிர்ச்சி வண்டிகளில் உண்மையான கூலன்ட் எஞ்சின் ஆயில்தான். ஹெட்டிலும் பிஸ்டன் அடியிலும் பட்ட சூட்டை எடுத்துக்கொண்டு கீழே கிரேங்க்கேஸுக்கு இறங்கி, அங்கே உலோகத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறுகிறது. ஒரு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 600 மில்லி இருந்தால், அதே வெப்பத்தைக் குறைந்த ஆயில் அடிக்கடி சுமக்க வேண்டும். அது சீக்கிரம் கறுத்து, மெலிந்து, பயனற்றுப்போகும். பழைய வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கும் என்பதை எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். வாரம் ஒருமுறை அளவு பார்ப்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் வந்த பிறகு

தண்ணீரால் எஞ்சினைக் குளிர்விப்பது நவீனம் என்று தோன்றினாலும், விற்பனைக்காக வரிசையாகச் செய்யப்பட்ட முதல் மோட்டார் சைக்கிளே தண்ணீர் வண்டிதான். 1894-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் வந்த ஹில்டபிராண்ட்–வுல்ஃப்முல்லர், 1488 சிசி. அதன் பின்சக்கர மட்கார்டுதான் தண்ணீர்த் தொட்டி. 1971-ல் சுசுகி ஜிடி750 என்ற பெரிய டூ-ஸ்ட்ரோக்கை ரேடியேட்டரோடு கொண்டுவந்தபோது அமெரிக்காவில் அதற்கு எருமை என்று செல்லப்பெயர் வைத்தார்கள். நம் சாலைகளில் திரவக் குளிர்ச்சியைச் சாதாரண இளைஞர்களின் கைக்குக் கொண்டுவந்தது 2008-ல் வந்த யமஹா ஆர்15. 149.8 சிசி, 17 குதிரைத்திறன். பிறகு 2012-ல் பல்சர் 200என்எஸ், கேடிஎம் டியூக் 200. அந்த வண்டிகள் இப்போது இரண்டாம், மூன்றாம் கைக்கு வந்துவிட்டன. பட்டறைகளில் ரேடியேட்டர் பிரச்சினை என்று வரிசையில் நிற்பவை பெரும்பாலும் இந்த வயதுக்காரர்கள்தான்.

இந்த ஏற்பாட்டின் நடுவே இருக்கும் பம்ப்பைக் கொங்கு நாட்டில் விளக்கவே வேண்டியதில்லை. கோவை பம்ப்செட் ஊர். கிணற்று மோட்டாரைக் கழற்றி இம்பெல்லர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த விவசாயிகள் நிறையப் பேர் உண்டு. எஞ்சின் பம்ப்பும் அதே மையவிலக்குப் பம்ப், உள்ளங்கையில் அடங்கும் அளவில். கிணற்று மோட்டாரைப் போலவே இதிலும் முதலில் போவது சீல். பம்ப்பின் அடியில் ஊசித் துளை ஒன்று வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். சீல் தேய்ந்தால் கூலன்ட் ஆயிலுக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே கசிய வேண்டும் என்பதற்காக. அங்கே பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒரு கறை தெரிந்தால் அது எச்சரிக்கை. கசிவு நிற்கட்டும் என்று எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைத்த வண்டிகளும் உண்டு. அடைத்தால் கூலன்ட் ஆயிலோடு கலக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் வெளிறிய பழுப்பு நுரை தெரியும். அதற்குப் பிறகு செலவு சீலோடு நிற்காது, பேரிங்வரை போகும்.

நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லை. பின் எதற்குக் கூலன்ட்? அதிலுள்ள கிளைக்கால், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரிவரை உறையாமல் காக்கும் என்பது உண்மை. சென்னிமலைக்கு அது வேண்டியதில்லை. ஆனால் அதே கலவை சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரி அளவில்தான் கொதிக்கும். கூலன்ட்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் அலுமினியத்தைக் காக்கும். பம்ப் சீலும் நல்ல நிலையில் இருக்கும். இந்தத் தடுப்பான்கள் மெல்ல மெல்லச் செலவாகிவிடுகின்றன. கிளைக்காலும் சூட்டில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அமிலமாகத் திரியும். ஆகவே நிறம் பளிச்சென்று இருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டில் மாற்றுவது நல்லது. நிறம் வெறும் சாயம். பச்சை ஒரு வகை, சிவப்பு ஒரு வகை என்று எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட விதி எதுவும் கிடையாது. இரண்டு வகையைக் கலந்தால் சிலவேளை குழகுழவென்று கட்டிக்கொள்ளும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவதே சரி.

ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள். அது ஒரு வால்வு. காற்றழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தம் சேரும்வரை அது திறக்காது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். கிளைக்கால் கலவைக்கு 125-க்கும் மேல். ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் வாஷர் வெடித்துப்போன பழைய மூடி இந்தக் கூடுதல் டிகிரிகளைப் பறித்துவிடுகிறது. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வண்டி மலைமேல் கொதிப்பதற்கு இந்தச் சிறு ரப்பர் ஒன்றே போதும். நான் பழைய வண்டி வாங்குபவர்களிடம் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான். விலையும் குறைவு.

சூடாக இருக்கும்போது அதைத் திறக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்று கணக்கில் பார்த்தால் மறக்காது. உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் 115 டிகிரியில் அழுத்தத்தோடு இருக்கிறது. மூடியைத் திருகியதும் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. 100 டிகிரிக்கு மேற்பட்ட அந்த 15 டிகிரி வெப்பம் அதே நொடியில் 28 மில்லி தண்ணீரை ஆவியாக்கும். 28 மில்லி என்றால் சிறிய அளவாகத் தெரியும். ஆனால் ஆவியானதும் அது 45 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். மூடி வழியாக அது வெளியேறும் பாதையில் இருப்பது திருகியவரின் கையும் முகமும். எஞ்சின் ஆறி, மேல் ஓஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று இருக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

உப்புத் தண்ணி

"ஏனுங்ணா, எங்க போர் தண்ணியவே ஊத்திக்கலாமுங்களா?" என்று பட்டறையில் கேட்பது சாதாரணம். கூலன்ட் தீர்ந்துபோன இடத்தில் பாட்டிலிலிருந்து குடிதண்ணீரை ஊற்றுவதும் சாதாரணம். இந்தக் கேள்விக்குப் பதில் அந்தந்த வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. கொங்கு நாட்டுப் பெண்களுக்குத் தண்ணீரின் வேதியியல் நன்றாகத் தெரியும். பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், இவற்றைத் தொட்டுப் பார்த்தே சொல்வார்கள். போர்வெல்லில் வரும் அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. கால்சியம் பருப்பின் தோலிலும் உள்ளேயும் இருக்கும் பெக்டினோடு பிணைந்து அதைக் கரையவிடாமல் வைத்துக்கொள்ளும். இந்திய தரநிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாதபோது 600 வரை விடலாம்.

ஒரு லிட்டர் கூலன்ட் அளவுக்கு, 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீரை ஒருமுறை ஊற்றினால் பெரிய கேடில்லை. அரை கிராம் அளவுக்குப் படியும், அதோடு முடிந்தது. கேடு தொடர்ந்து ஊற்றுவதில் இருக்கிறது. சிறு கசிவு உள்ள வண்டிக்கு வாரம் 100 மில்லி ஊற்றிக்கொண்டே இருந்தால் ஆண்டுக்கு ஐந்து லிட்டருக்கு மேல் ஆகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போவதில்லை. கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சூட்டில் கரியமில வாயுவை இழந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக, படிகிறது. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். இது நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதல் குறையும். ஆகவே எஞ்சினில் எந்த இடம் மிகச் சூடானதோ அங்கேதான் போய் உட்காரும். அது எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய இடம். மூன்று கிராம் கார்பனேட் ஐம்பது சதுர சென்டிமீட்டரில் பரவினால் 0.2 மில்லிமீட்டர் தடிப்பு. நகத்தின் கனத்துக்கும் குறைவு. ஆனால் சுண்ணாம்பு அலுமினியத்தைவிட ஐம்பது மடங்குக்கு மேல் மோசமான கடத்தி. அந்த 0.2 மில்லிமீட்டர், ஹெட்டின் சுவரை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தடிக்க வைத்ததற்குச் சமம். வீட்டு கீசர் காயிலில் உடைத்தெடுக்கிறோமே, அதே வெள்ளைக் கல்தான்.

இன்னொரு வகைத் தண்ணீரும் இந்தப் பகுதியில் இருக்கிறது. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காக எழுந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு அதில் தேங்கியது. சாயமேற்றப் பயன்படும் உப்புகள் சுற்றுவட்டக் கிணறுகளுக்குள் இறங்கின. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும்வரை போன விவகாரம் அது. அந்தத் தண்ணீரின் கேடு வேறு. சோடிய உப்புகள் கல்லாகப் படிவதில்லை. ஆனால் அவற்றோடு வரும் குளோரைடு, அலுமினியத்தின்மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தை ஊசிமுனைபோல் துளைக்கும். ரேடியேட்டர்க் குழாய்களின் சுவர் மிக மெல்லியது. உள்ளிருந்து துளைத்து வெளியே வரும்வரை யாருக்கும் தெரியாது. கடினத் தண்ணீர் வழியை அடைக்கிறது, உவர்த் தண்ணீர் சுவரை ஓட்டையிடுகிறது. சில ஊர்க் கிணறுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள். கடையில் வாங்கும்போது அது ஆசிட் அல்ல என்று பார்த்து வாங்க வேண்டும். ஆர்ஓ தண்ணீர் போர் தண்ணீரைவிடப் பல மடங்கு மேல். அதிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும் என்பதால் அவசரத்துக்கு மட்டும். படிந்துவிட்ட கல்லைக் கரைக்க டாய்லெட் ஆசிட் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சுண்ணாம்பைக் கரைக்கும் அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அலுமினியத்தையும் ஹைட்ரஜன் குமிழ்களோடு கரைத்துக்கொண்டே போகும். அதைச் செய்யவே கூடாது. ரேடியேட்டருக்கென்று விற்கும் ஃப்ளஷ் போதும். பிறகு டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு மூன்று முறை கழுவி, புதுக் கூலன்ட் நிரப்பலாம்.

நிரப்பும்போது ஏர் லாக் ஆகாமல் பார்க்க வேண்டும். பம்ப்செட்டில் ஏர் பிடித்தால் தண்ணீர் ஏறாது என்பது தெரிந்ததே. எஞ்சினிலும் ஹெட்டின் மேல்மூலையில் காற்றுக் குமிழ் தங்கிவிட்டால், அந்த இடத்தைக் கூலன்ட் தொடாது. வெப்பமானியின் உணரியும் அந்தக் குமிழுக்குள் மாட்டினால் காட்டும் அளவே தவறாகிவிடும். மெதுவாக ஊற்றி, வண்டியை இருபக்கமும் சாய்த்து, குளிர்ந்த எஞ்சினை மூடியில்லாமல் சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட்டு, குமிழ் வருவது நின்றபின் மூட வேண்டும்.

பஞ்சும் வாட்டர் சர்வீஸும்

சென்னிமலைக்குப் பெயர் பெட்ஷீட்டால். தறிச் சத்தம் கேட்காத வீதி குறைவு. தறிக்கூடத்தின் வாசலில் நாள்முழுக்க நிற்கும் வண்டியின் ரேடியேட்டரை உற்றுப் பாருங்கள். ஃபின் நடுவே சாம்பல் நிறத்தில் மெல்லிய தக்கை ஒன்று தெரியும். ஊசியால் கிளப்பினால் துணிபோல் ஒரே துண்டாக உரிந்து வரும். பஞ்சு இழை, செம்மண், முன்சக்கரம் தெளித்த ஆயில் நீர், எல்லாம் சேர்ந்து நெய்துகொண்ட துணி அது. போர்வை உடலைக் கதகதப்பாக வைப்பது பஞ்சு இழைகளுக்கு நடுவே சிக்கிய அசையாத காற்றால். அதே அசையாத காற்றுதான் இங்கே ரேடியேட்டரின்மேல். போர்வை போர்த்திய எஞ்சின் மலையேறினால் வேறென்ன ஆகும்?

அதை எடுக்க வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோனால் இன்னொரு பிரச்சினை. ரேடியேட்டர் ஃபின்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தகடுகள். உயர் அழுத்தக் குழாயை நேராகப் பிடித்தால் வரிசையாக மடிந்துவிடும். மடிந்த ஃபின் நடுவே காற்றுக்கு வழியில்லை. கழுவியபின் வண்டி முன்னைவிட அதிகம் காய்ந்தால் காரணம் இதுதான். எஞ்சின் ஆறியபின், சாதாரணத் தோட்டக் குழாயால், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும். தூசி வந்த வழியே திரும்பிப் போகும். மிச்சத்துக்கு மென்மையான பிரஷ். மடிந்த தகடுகளை மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். பொறுமை வேண்டும், செலவில்லை.

விசிறி பெரும்பாலும் 100 டிகிரி அளவில் தானாக இயங்கும். ஓடவில்லையென்றால் மோட்டாரைக் குறைசொல்லும் முன் அதன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாகத் துரு பிடித்திருப்பதே அதிகம்.

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. "நம்மூர் வெயிலுக்கு அது எதுக்குங்க, கழட்டி வீசுங்க" என்று சொல்லும் மெக்கானிக்குகள் பலர். அதற்குள் இருப்பது ஒரு மெழுகு. 70–85 டிகிரியில் உருகிப் பெருத்து வால்வைத் தள்ளித் திறக்கும், ஆறினால் சுருங்கும். அதைக் கழற்றிவிட்டால் ரேடியேட்டருக்குப் போகும் பாதை எப்போதும் திறந்தே இருக்கும், காலையில் எஞ்சின் சூடேற வெகுநேரம் ஆகும். குளிர்ந்த சுவரில் பெட்ரோல் ஆவியாகாமல் படிந்து ஆயிலைக் கரைக்கும். எரிப்பில் உண்டாகும் நீரும் அமிலமும் சுவரிலேயே தங்கி அதை அரிக்கும். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கணினி (ஈசியு), எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கருதிக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும், மைலேஜ் இறங்கும். மலையில் காய்வதைத் தடுக்க இது உதவாது. ஏனெனில் அந்த நேரத்தில் நல்ல தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்தே இருக்கும். சந்தேகமிருந்தால் கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோடு சூடுபடுத்திப் பார்க்கலாம். எந்த டிகிரியில் திறக்கிறது என்பது கண்ணுக்கு நேரே தெரியும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

மேலே ஏறியதும் உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கும் பழக்கமும் நல்லதல்ல. பம்ப் நின்றதும் ஹெட்டின் சூடு அங்கேயே தேங்கிய கூலன்ட்டில் இறங்கும், அணைத்தபிறகும் வெப்பநிலை ஏறும். கடைசி வளைவை மெதுவாகக் கடந்து, அரை நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும். விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்கும்வரை.

பத்து வயது தாண்டிய வண்டியில் ஓஸ்களும் சந்தேகத்துக்குரியவை. ரப்பருக்குத்தான் உண்மையிலேயே வயதாகும். சூட்டிலும் ஓசோனிலும் அதன் நீண்ட மூலக்கூறுகள் கூடுதலாகப் பிணைந்து இறுகிப்போகும். அமுக்கினால் கல்போல இருப்பதும், வளைத்தால் நுண்ணிய வெடிப்பு தெரிவதும், கிளாம்ப் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதும் மாற்ற வேண்டிய அடையாளங்கள். பிதுங்கிப் பருத்த ஓஸ் இன்னும் ஆபத்து. அழுத்தம் ஏறும் மலைப்பாதையில்தான் அது வெடிக்கும்.

வடித்தெடுத்த பழைய கூலன்ட்டை என்ன செய்வது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பட்டறை ஓரத்துச் சாக்கடையிலோ கீழ்பவானி வாய்க்கால் கரையிலோ கொட்டிவிடுவார்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தெருநாயும் கன்றுக்குட்டியும் தேங்கியதை நக்கும், மூடியில்லாத பாட்டிலைக் குழந்தை எடுத்துக் குடிக்கும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, இரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகக் கட்டிக்கொள்ளும். சிறிதளவே குடித்திருந்தாலும், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். பழையதைப் பழைய ஆயில் கேனில் ஊற்றி இறுக மூடி, மேலே என்னவென்று எழுதி, கழிவு ஆயில் எடுக்க வருபவரிடம் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். புதுப் பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.